மூணாவது டிஸ்க்கில் வைத்த பொட்டு

ராபினைத் திட்டுவதென்றால் அவன் வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ராபின்தான் பொறுப்பு. ரெண்டாயிரத்து அஞ்சு பிப்ரவரியில் அவன் பேச்சைக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா சர்வர் வாங்கினார். "இதுல நாலு டிஸ்க்கு மேடம். நாலையும் சேத்து ஒரே டிஸ்க்கு மாதிரி காட்டும். வர்ச்சுவல் டிஸ்க்குன்னு பேரு. சப்பரத்த நாலு பேரு தூக்குறாங்கள்ல, அதே மாதிரி. ஒருத்தன் தோள எடுத்துட்டாலும் மிச்ச மூணு பேரு தாங்கிருவாங்க. போனது எதுன்னு லைட்டு எரிஞ்சு காட்டிரும். சர்வரு படுக்கவே படுக்காது." பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு! ரெண்டாவது ஆளும் தோளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அய்யா சொல்லவில்லை.

ஆகஸ்டில் மூணாவது டிஸ்க் செத்தது. சர்வர் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. சர்வர் ரூமை ஒட்டித்தான் ஆபரேஷன் முடிந்தவர்கள் படுக்கும் வார்டு. கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் வயசாளிகளுக்குக் காது ஒன்றுதானே துணை? செபஸ்தியம்மாள் என்று ஒரு அம்மா, "எய்யா, எனக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சா? மிசினு கத்துதே!" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். ராபின் ஓடிப்போய்ச் சத்தத்தை நிறுத்தினான். அதுவரைக்கும் நல்ல காரியம்தான்.

ஆனால் கம்ப்யூட்டர் திரையில், எப்போதும் பச்சையாக இருக்கும் குறி மஞ்சள் முக்கோணமாக மாறியிருந்தது. பக்கத்தில் 'டிகிரேடட்' என்று போட்டிருந்தது. அர்த்தம் தெரியாதவனா அவன்? ஒரு தோள் போச்சு, இன்னொன்று போனால் எல்லாம் போச்சு, உடனே புது டிஸ்க்கை மாட்டு. அவ்வளவுதான் அர்த்தம். சென்னைக்கு ஒரு போன் போட்டால் மூணு நாளில் கூரியரில் வந்துவிடும். அதற்கு டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 'படுக்கவே படுக்காதுன்னியே, ஆறு மாசத்துலயா?' என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான்.

தினமும் காலையில் சர்வர் அவனுக்கு ஒரு மெயில் அனுப்பியது. அதைக் கண்ணில் படாத ஒரு ஃபோல்டருக்குத் தானாகப் போகும்படி செய்துவைத்தான். மஞ்சள் முக்கோணம் தெரியும் திரையைத் திறப்பதையும் விட்டான். முன்பெல்லாம் வாராவாரம் எல்லாவற்றையும் சிடியில் நகல் எடுத்து வைப்பான். சர்வர் வந்த தெம்பில் ஜூனிலேயே அதையும் விட்டாச்சு. மிச்சமிருந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான். செத்த டிஸ்க்கின் முகப்பில் கடுகளவு மஞ்சள் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ரூமுக்குள் போனாலே ராபினின் கண் அங்கேதான் போய் நிற்கும்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கெல்லாம் வருஷா வருஷம் பொட்டு வைப்பவர் வார்டு உதவியாளர் சுருளிவேல். ஐம்பது வயசு மனுஷர். முதல் நாள் விரதமிருந்து, தன் கையாலேயே சந்தனம் குழைத்து வருவார். ஸ்ட்ரெச்சர், ஜெனரேட்டர், கண் பார்க்கும் மிஷின் என்று ஒன்று விடமாட்டார். சர்வரில் நாலு டிஸ்க்குக்கும் ஒரே அளவாக நாலு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். மூணாவது பொட்டு சரியாக அந்த விளக்கின் மேல் உட்கார்ந்தது.

மறுநாள் ராபின் துடைக்கப் போனான். கை நின்றுவிட்டது. 'சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பய பொட்ட அழிச்சுட்டான்னு யாராச்சும் சொல்லிட்டா? சுருளிவேல் அண்ணன் மனசு நோகுமே.' இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெரிய மனசுதான், போங்கள்! இனி அந்த விளக்கைப் பார்க்க வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது அவனுக்கு மட்டும் தெரியும்.

நவம்பர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, ஓ.பி.யில் கூட்டம் நெரியும் நேரத்தில் இன்னொரு டிஸ்க்கும் போனது. ராபின் திரையைத் திறந்து பார்த்தால், சிவப்பு. சர்வர் படுத்துவிட்டது. ரெட்டியார்சத்திரத்திலும் நெய்க்காரப்பட்டியிலும் போட்ட இலவச முகாம்களில் எடுத்த கண் அளவுகள் அதில்தான் இருந்தன. யாருக்கு எந்தப் பவரில் லென்ஸ் வைப்பது என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு பேருடையதும் போச்சு. பெயரும் ஊரும் மட்டும் ஒரு நோட்டில் இருந்தன. அத்தனை பேரையும் திரும்ப வரவழைத்து அளக்க வேண்டும்.

டாக்டரம்மா ஓ.பி. வராந்தாவிலேயே கேட்டார். "டிஸ்க்கு போனா லைட்டு எரியும்னியேப்பா. ஒருநாள்கூடவா பாக்கல?"

ராபினின் நாக்கு தானாகப் பேசியது. "லைட்டு மேல சந்தனம் வச்சிருந்தாங்க மேடம். தெரியல."

சந்தனம் இருந்தது நிஜம்தான். படுபாவி, அந்த நிஜத்தை முன்னால் நிறுத்தித்தான் பொய்யைச் சொன்னான்.

அத்தனை பேர் முன்னாலும் டாக்டரம்மா சுருளிவேலை ஏசினார். "எதுல வைக்கணும், எதுல வைக்கக் கூடாதுன்னு ஒரு அறிவு வேணாமா? நூத்திப் பன்னெண்டு பேரு கண்ணுய்யா!" எல்லோரும் கலைந்ததும் சுருளிவேல் ராபினிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏப்பு, சந்தனம் உள்ள எறங்கிருச்சோ? கெட்டியாத்தான கொழச்சேன்?"

"தெரியலண்ணே," என்றான் ராபின். சொன்ன வாயை அங்கேயே கிழித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் அதற்குமேல் திறக்கவில்லை.

அன்றிலிருந்து சுருளிவேல் டூட்டி முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். யாரும் அனுப்பவில்லை, அவராகவே போனார். ஊர் ஊராக விசாரித்து ஆட்களைத் தேடிப் பிடித்தார். மறுநாள் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "ஏனுங்க, மறுக்காவும் வரச் சொன்னா எப்பிடிங்க?" என்று நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருவர் சத்தம் போட, "எம்மேல தப்புதாய்யா, பொறுத்துக்கங்க," என்று கும்பிட்டார். ராபின் தன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, டிஸ்க் மாற்றிய சர்வரில் அளவுகளைப் புதிதாக ஏற்றினான். ஒவ்வொரு பெயரைத் தட்டும்போதும் உடம்பு கூசியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்தவன், பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

பதினோராம் நாள், கடைசி ஆளையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, சுருளிவேல் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ராபின் கவனித்தான். எப்போதும் பட்டையாகத் திருநீறு இருக்கும் நெற்றி வெறுமையாக இருந்தது. அதற்குமேல் அவனால் முடியவில்லை.

"அண்ணே, சந்தனத்தால ஒண்ணும் ஆகல. ஆகஸ்டுலயே ஒரு டிஸ்க்கு போயிருச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். டாக்டரம்மா கேப்பாங்கன்னு பயந்து மறச்சிட்டேன். உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

அறை விழும் என்று நின்றான். சுருளிவேலின் முகமோ மலர்ந்துவிட்டது. "சந்தனத்தால இல்லையா? நெசமாவா அப்பு?"

"நெசமாண்ணே."

"அப்பாடா!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஒரு மடக்கு டீ குடித்தார். அப்புறம்தான் அவருக்கு மிச்சம் உறைத்திருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தார். "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லப்பு. சாமிக்குன்னு செஞ்சது கண்ணு தெரியாதவகளுக்குக் கேடாப் போச்சேன்னு, பதினோரு நாளா வீட்டுல நான் வெளக்கே ஏத்தல."

அடித்திருந்தால்கூடத் தேவலை. ராபின் நேராக டாக்டரம்மா அறைக்குப் போனான். மஞ்சள் முக்கோணம், மெயில், விட்டுப்போன சிடி, துடைக்காத பொட்டு என்று ஒன்று விடாமல் சொன்னான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர எந்த எடத்துல வச்சு ஏசினேன்? நாளைக்குக் காலைல அதே எடத்துல சொல்லு. நானும் வாரேன். எனக்கும் அங்க ஒரு வேலை பாக்கி இருக்கு."

மறுநாள் பத்து மணிக்கு, ஓ.பி. வராந்தாவில், கூட்டத்துக்கு நடுவில் ராபின் சொன்னான். எதையும் மறைக்காமல் முழுசாகச் சொன்னான். யாரோ "சீ" என்றார்கள். டாக்டரம்மா சுருளிவேலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சுருளிவேல் அன்றைக்குத் திருநீறு பூசி வந்திருந்தார். தப்பே செய்யாத அந்த மனுஷர், தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி, "போதும்ப்பு, போதும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.