வேப்பங்குச்சியில் ஒரு கோடு

சம்பந்தி வீட்டார் சாப்பிட வருவது ஏழு மணிக்கு. ஐந்து மணிக்கே இருதயநாதன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கத் தொடங்கிவிட்டார்.

எல்லாம் அந்த ஜாடியால். மகள் ஐரின் சின்னப் பிள்ளையாகக் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கிய வருசம், வெள்ளோடு ஊர்ப் பன்னீர் திராட்சையில் மனைவி வியாகுலம்மாள் போட்டு வைத்த வைன். கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்கும் வாரம் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் அதைக் குடிக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். இவரே சம்பந்தியிடம் பீற்றியிருந்தார். "பதினாலு வருசச் சரக்கு. எந்தக் கடையிலயும் கெடைக்காது."

"உங்க வாக்கும் அந்த வைன் மாதிரி கெட்டியா இருந்தாச் சரி," என்று சம்பந்தி சிரித்தார். அந்தச் சிரிப்பு இவருக்குப் பிடிக்கவில்லை.

மூடியைத் தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாணார்பட்டி மச்சினன் கிளெமென்ட் வந்துபோகும் வீடு. அவன் ரெண்டு கிளாஸ் அடித்துவிட்டுப் போனால்? மாசம் ஒருமுறை துணிக்கட்டை அவிழ்த்து, கோடு கீறிய வேப்பங்குச்சியை விட்டு அளவு பார்த்தார். நெடி ஏறிக்கொண்டே போனதை வீரியம் என்று நினைத்தார்.

இன்றுதான் நாக்கில் வைத்தார். சிலுவையில் ஆண்டவருக்கு நீட்டிய அதே புளித்த காடி.

அடுப்படிக்கு ஓடினார். "ஏத்தா, வைன் காடியாப் போச்சு."

வியாகுலம்மாள் பன்றிக்கறியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "மாசாமாசம் காத்தக் காட்டுனா வேற என்ன ஆகும்? போயிச் சட்டைய மாத்துங்க."

சம்பந்தி மகனோடு வந்தார், உட்கார்ந்தார், இலையைப் பார்க்குமுன் கேட்டார். "எங்க சம்பந்தி, அந்தச் சரக்கு?"

இருதயநாதன் வேட்டி நுனியைப் பிசைந்தார். ஐரின் தகப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கிளெமென்ட் ஒரு கட்டைப்பையோடு உள்ளே வந்து, மெழுகால் வாயடைத்த நாலு பாட்டிலை மேசையில் வைத்தான்.

"அந்த வைன்ல சரிபாதி இது, மச்சான். போட்ட வருசமே அக்கா அடைச்சு எங்கிட்ட குடுத்துருச்சு. அதுக்கு உங்களத் தெரியாதா?"

ஊற்றினார்கள். சம்பந்தி ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாயும் குடித்தார். பிறகு கிளாஸை மகன் பக்கம் நகர்த்தினார். "குடிச்சுப் பாருடா. இந்த வீட்டுல பொண்ணெடுக்க யோசிக்கவே வேணாம்."

ஐரின் மூச்சு விட்டது இருதயநாதன் காதில் விழுந்தது. இவரும் குடித்தார். அசல் சரக்கு. ஆனாலும் கை அடுத்த பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கியது. கழுத்துக்கு ரெண்டு விரல் கீழே நின்றது வைன். மெழுகைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்தார். எங்கும் விரிசல் இல்லை.

"அம்புட்டும் இருக்கு மச்சான்," என்றான் கிளெமென்ட்.

"ஏலே, நான் ஒண்ணும் கேக்கல," என்று தன் கிளாஸை அவன் பக்கம் நீட்டினார். "ஊத்து."