ஏழாம் அறைக்குப் போகாத மாத்திரை

கூட்ட அறை மேசையின் நடுவில் கஹ்க் பெட்டி ஒன்று மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பெருநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மருந்துக் கம்பெனிக்கு அதுவரை பொறுக்கவில்லை. நெய்யில் பிசைந்த பலகாரம், மேலே மாவாய் அரைத்த சர்க்கரை, மூடியில் தங்க எழுத்தில் வாழ்த்து. நோன்பு நேரம் என்பதால் யாரும் தொடவில்லை. வாசனை மட்டும் அறை முழுக்கச் சுற்றி வந்தது. மருந்து ஆய்வின் கணக்கைப் பார்த்த டாக்டர் தஹானிக்கு வயிற்றைப் புரட்டியது.

போன வருஷம் இதே கம்பெனி அனுப்பிய பெட்டியை அவளும்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் டீயோடு தின்று தீர்த்தாள். அதற்கு முந்தின வருஷம் ஷர்ம் அல் ஷேக்கில், கடல் தெரியும் அறையில் மூன்று நாள், கம்பெனி செலவில் மாநாடு. அப்போதெல்லாம் வயிறு ஒழுங்காகத்தான் இருந்தது. அதை நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

எதிரே புரொஃபசர் வகீஹ் ஷல்காமி. அலெக்ஸாந்திரியாவில் கொரோனா என்றால் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். தினமும் ஊர் நோன்பு திறந்து சாய்ந்து உட்காரும் நேரத்தில் டிவியில் தோன்றி, தில்வாடின் மாத்திரையின் புகழ் பாடுவார். அந்த மாத்திரையை இந்த வட்டாரம் முழுக்க விற்கும் உரிமை அவர் மகனுக்குத்தான் என்பதைச் சொல்ல மட்டும் டிவியில் நேரம் போதாது. மார்க்கத்தில் கறாரான மனுஷன். மூக்கில் குச்சி விட்டால் நோன்பு முறியுமா என்று ஆலிமிடம் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பரிசோதனைக்கே போனார். அப்பேர்ப்பட்டவர் பதினாலு பிணங்களை ஏப்பம்கூட விடாமல் விழுங்கியிருந்தார்.

"ரெண்டு மணிக்கு கெய்ரோ கமிட்டி லைன்ல வருது," என்றார். "புள்ளிவிவரம் பார்த்தவ நீ. அட்டவணைக்குக் கீழ உன் கையெழுத்து இல்லாம எடுத்துக்க மாட்டாங்க. பெருநாள் முடிஞ்ச கையோட நாட்டுல எல்லா ஆஸ்பத்திரிக்கும் தில்வாடின் போயிடும். போடும்மா."

அவள் முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அட்டவணை: மாத்திரை தின்ற நூற்றேழு பேரில் செத்தவர் ஒன்பது, தின்னாத நூற்றேழு பேரில் பத்தொன்பது. இன்னொன்று, இந்த மருந்தால் எனக்கோ என் குடும்பத்துக்கோ ஆதாயம் எதுவும் இல்லை என்ற உறுதிமொழி, ஆளுக்கு ஒன்று. புரொஃபசர் தன்னுடையதில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

"அந்தப் பதினாலு பேர் எங்க சார்?"

"எந்தப் பதினாலு?"

"மாத்திரை தின்னவங்கள்ல, 'வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தியாச்சு'ன்னு எழுதி சாவுக் கணக்கை விட்டு வெளிய எடுத்துட்டீங்களே, அவங்க."

"மாத்தியாச்சுன்னா மாத்தியாச்சு. அப்புறம் அவங்க நம்ம நோயாளி இல்லையே."

"மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்போது ஆம்புலன்ஸ்ல ஏத்தினீங்க. மறுநாள் நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஒருத்தர்கூட உயிரோட இல்ல. தின்னாத பக்கத்துல ஒருத்தரையும் மாத்தல. அது எப்படி?"

"அங்க போய்ச் செத்தா அங்க கணக்கு. பக்கத்து வீட்டு மையித்தைத் தூக்கிட்டு வந்து நம்ம வாசல்லயா வைப்பாங்க?" புரொஃபசர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. மூணு வருஷமாத் தூங்குது. பாவம், அதை எழுப்ப வேண்டாமா?"

பதினாலு பேரில் ஒருவர் மஹ்ரூஸ். இதே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தவர். "கணக்குப் போடற மூளைக்கு ரெண்டு கரண்டி சர்க்கரை போதும் டாக்டரம்மா, மூணாவது கொழுப்பு," என்பார். அவரை எங்கே மாற்றினார்கள் என்று நோன்புக் கஞ்சியோடு தேடிப் போனவளிடம், அந்த ஆஸ்பத்திரிக் காவலாளி, "இறக்கும்போதே உயிர் இல்லையேம்மா," என்றான். அதன் பிறகுதான் வார்டு சிஸ்டர் ஃபெர்யாலின் நோட்டை வாங்கி, மற்ற பதின்மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தேடினாள். எல்லோரும் மண்ணுக்குள் இருந்தார்கள்.

ஆனாலும் பேனா அவள் கையில்தான் இருந்தது. அதை அவள் கீழே வைக்கவில்லை. மூன்று வருஷம் தூங்கிய ஃபைல் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை.

அப்போது கதவைத் தட்டாமலே ஃபெர்யால் உள்ளே வந்தாள். இருபது வருஷ சர்வீஸ். வாய்க்கு அதைவிட நீளமான சர்வீஸ்.

"சார், ஏழாம் அறை ஹாஜியம்மா ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறாங்க. தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க."

ஏழாம் அறையில் இருப்பது புரொஃபசரின் தாய் ஹாஜியா நஃபூஸா. எண்பது வயசு. கொரோனாவோடு படுத்து ஒன்பது நாள் ஆகிறது.

"என்னவாம்?"

"உங்க மாத்திரைதான் வேணுமாம். நீங்க டிவியில கூவிக் கூவிச் சொல்றீங்க, நாங்க அதைத் திருடி வெளிய விக்கிறோமாம்."

புரொஃபசர் எழுந்தார். "நீயும் வா. நடந்துக்கிட்டே கையெழுத்துப் போடு," என்று தாள்களைத் தஹானியிடம் திணித்தார்.

மாடி ஏறும்போதே கிழவியின் குரல் கேட்டது. நோய் நுரையீரலைத் தின்றிருந்தாலும் நாக்கைத் தொடவில்லை.

"வாடா டிவி ராசா! ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற, பெத்தவளுக்கு ஒண்ணு கிடையாதா? நான் என்ன உனக்கு மாற்றாந்தாயா?"

"இதோ வர்றேன்மா!" என்று உள்ளே பார்த்துச் சொன்னவர், அங்கியை மாட்டிக்கொண்டே ஃபெர்யாலிடம் கிசுகிசுத்தார். "வைட்டமின் சி ஒண்ணு எடுத்துட்டு வா. அதைத் தில்வாடின்னு சொல்லிடலாம்."

"நிஜத்தையே கொடுத்துடலாமே சார்? அலமாரி நிறைய இருக்கு." ஃபெர்யால் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

"உனக்கென்ன பைத்தியமா? அவங்க இதயத்துக்கு அது ஆகாது! சார்ட்டுல என் கையால எழுதி வெச்சிருக்கேனே, படிக்கலையா?"

தஹானி கதவில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு மையில், இரண்டு தடவை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: தில்வாடின் எந்தக் காரணம் கொண்டும் தரக் கூடாது, இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஒன்பது நாளைக்கு முந்தின தேதி. அதே தேதியில்தான் மஹ்ரூஸுக்கு முதல் மாத்திரை தொடங்கியது. அதை எழுதியதும் இதே கைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிழவி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டிவியில காட்டினது வெள்ளையா இருந்துச்சு. இது ஆரஞ்சா இருக்கே?"

"இது விசேஷமானதும்மா. உங்களுக்குன்னு தனியா."

"அப்படிச் சொல்லுடா என் தங்கம்!" வாயில் போட்டுச் சப்பினாள். "மிட்டாய் மாதிரி இனிக்குதே! அல்லாஹ் உன் கையில பரக்கத்தைக் கொடுக்கட்டும். எங்கடி அந்தத் தட்டு, கொண்டா."

மகன் குனிந்து அந்த துவாவை வாங்கிக்கொண்டார்.  

வெளியே வந்த புரொஃபசர் அங்கியைக் கழற்றினார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று சட்டப்படி கை கழுவினார்.

"போட்டுட்டியா?"

"மஹ்ரூஸ் மாமாவுக்கும் இதயம்னு ஒண்ணு இருந்துச்சு சார். டீ கெட்டில் மூடி மாதிரி குதிக்குதுன்னு சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்காரு. ஒரு ஈ.சி.ஜி.கூட எடுக்கல."

"அது வேற தஹானி. இவங்க எங்க அம்மா."

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மாட்டிக்கொண்ட திருடன்கூடத் தலையைக் குனிவான். இந்த ஆளுக்கு, தான் மாட்டிக்கொண்டது கூடத் தெரியவில்லை. 'சீ!' என்றிருந்தது அவளுக்கு. இந்த ஆளின் பேனாவில் தன் பிழைப்பு தொங்குகிறது என்பதற்கும், அதற்காக இத்தனை நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கும் சேர்த்துத்தான் அந்தச் 'சீ'.

நர்ஸ்கள் மேசையில் உட்கார்ந்தாள். அட்டவணையில் ஒன்பதை அடித்து இருபத்து மூன்று என்று எழுதினாள். பத்தொன்பது பத்தொன்பதாகவே இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள். உறுதிமொழித் தாளில் எழுதினாள்: ஷர்ம் அல் ஷேக் மாநாடு, கம்பெனி செலவு. பெருநாள் கஹ்க் ஒரு பெட்டி, தின்றேன். என் பதவி உயர்வு ஆய்வுத் தலைவர் கையில். மருந்தை விற்பவர் தலைவரின் மகன். ஏழாம் அறை நோயாளிக்கு இந்த மருந்து கூடாது என்று தலைவரே கைப்பட எழுதியிருக்கிறார். அந்த நோயாளி உயிரோடு இருக்கிறார். ஃபெர்யாலின் நோட்டுப் பக்கங்களையும் சார்ட்டையும் படம் பிடித்துச் சேர்த்து, புரொஃபசர் கண்ணில் படும் முன்பே கெய்ரோவுக்கு அனுப்பினாள்.

இரண்டு மணிக்குத் திரையில் கமிட்டி வந்தது. கமிட்டித் தலைவர் அவள் தாளைச் சத்தமாகப் படித்தார். "கஹ்க் தின்னதைக்கூட எழுதியிருக்காங்கப்பா!" திரையின் எல்லாக் கட்டத்திலும் சிரிப்பு. மகன் பற்றிய வரி வந்ததும் இரண்டு பேர் மைக்கை அணைத்தார்கள். ஏழாம் அறை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"கணக்குப் பிழை சார். பொண்ணு பாவம், களைச்சுப் போயிருக்கா," என்றார் வகீஹ்.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நோன்பு நேரத்துல எதுக்கு வாக்குவாதம்? பெருநாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்." தள்ளிவைத்தாயிற்று. பிணத்தைக்கூட வசதியான நாள் பார்த்துத்தான் எண்ணுவார்கள் போல. ஆனாலும் ஆஸ்பத்திரிகளுக்கு மாத்திரை போகவில்லை. தஹானிக்கு அந்த மட்டில் மூச்சு வந்தது. பதவி உயர்வு ஃபைல் அன்று சாயங்காலமே அவள் மேசைக்குத் திரும்பி வந்தது, 'தகுதி போதாது' என்ற குறிப்போடு.

பெருநாளுக்கு மறுநாள் ஹாஜியா நஃபூஸா குணமாகி வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் டிவி கேமரா நின்றது. சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினாள்.

"என் மகன் மாத்திரைதான் என்னைக் காப்பாத்துச்சு! ஒண்ணே ஒண்ணு, எனக்குன்னு விசேஷமா ஆரஞ்சு நிறத்துல கொடுத்தான். மறுநாளே எழுந்து உட்கார்ந்துட்டேன். எல்லாரும் வாங்கிச் சாப்பிடுங்கப்பா."

அவள் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் மகன் நெஞ்சில் கை வைத்து, கண்ணைத் தாழ்த்தி, பணிவாக நின்றார். கமிட்டியும் வேண்டியிருக்கவில்லை, கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஊரில் இருந்த மருந்துக் கடைகள் அத்தனையிலும் வரிசை நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தஹானியின் போன் அடித்தது. மஹ்ரூஸின் மனைவி ரதீபா.

"டாக்டரம்மா, டிவி பார்த்தீங்களா? என் மூத்தவனுக்கு நேத்துலேருந்து நெருப்பாக் காயுது. கடையில வரிசை டிராம் ஸ்டேஷன் வரைக்கும் நிக்குது. எப்படியாவது ஒரு அட்டை வாங்கிக் கொடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அது வேண்டாம் அக்கா. நான் வேற டாக்டரைக் கூட்டிட்டு இப்பவே வர்றேன். அந்த மாத்திரை மட்டும் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" ரதீபாவின் குரல் உடைந்தது. "பெரிய மனுஷங்க அம்மாவுக்கு மட்டும்தானா அது? எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு கொடுத்திருந்தா இன்னைக்கு உயிரோட உட்கார்ந்திருப்பாரு. டீ ஊத்துறவனுக்கு யாரு கொடுப்பா?"

தஹானி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கொடுத்தாங்க அக்கா," என்றாள். "தினமும் ரெண்டு கொடுத்தாங்க. ஒரு வேளைகூடத் தவறாம கொடுத்தாங்க."