சைக்கிள் செயின் நண்டு

நாகமணி பழைய இரும்பில் உருவங்கள் செய்கிறவள் என்பது காக்கிநாடாவில் அவள் தெருவுக்கே சரியாகத் தெரியாது. கணவன் சூரிபாபு படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். அவன் கொட்டகைக்குப் பின்னால் அவள் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தால், புருஷனுக்கு ஒத்தாசை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தேய்ந்த பல்சக்கரங்களில் மயில், ஸ்பேனர்களில் குதிரை என்று எட்டு வருடமாக அங்கே ஒரு மந்தையே சேர்ந்துவிட்டிருந்தது.

சூரிபாபுவின் தங்கை ஹைமாவதிக்கு இது யாருக்கும் தெரியாமல் கிடப்பது பொறுக்கவில்லை. கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் அவள், ஞாயிறுதோறும் ஒரு கையில் சுருட்டிய பெசரட்டுத் தோசையும் மறு கையில் போனுமாக வீடியோ எடுக்க வந்து நின்றுவிடுவாள்.

முதல் பத்து வீடியோக்களை நாற்பது பேர்கூடப் பார்க்கவில்லை. முடிந்த சிலையைச் சுற்றிச் சுற்றி எடுத்து, மேலே ஒரு பாட்டையும் போட்டிருந்தாள். அப்புறம்தான் பிடி கிடைத்தது.

"பாட்டைத் தூக்கிட்டேன் அண்ணி. சுத்தியல் சத்தமே போதும். முழுசாக் கடைசியிலதான் காட்டப்போறேன். என்ன வரப்போவுதுன்னு தெரியலன்னாதான் ஜனங்க விரல நிறுத்துவாங்க."

"பாதி வரைக்கும் எனக்கே தெரியாது. ஜனங்களுக்கு எங்கடி தெரியப்போவுது?" என்று சிரித்தாள் நாகமணி.

வெல்டிங் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனது. உடைந்த வெல்டிங் முகமூடியிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டை எடுத்து, போன் கேமராவின் மேல் டேப் போட்டு ஒட்டினாள் ஹைமா. இரும்பு உருகி ஓடுவது சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது. அப்படி எடுத்த, ஸ்பேனர் குதிரை செய்யும் வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதிலிருந்துதான் வினையும் வந்தது. இணையத்தில் பெரிய பக்கம் ஒன்று அதே வீடியோவை எடுத்து, நாகமணியின் பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு, 'எங்கள் ஸ்டுடியோ மாஸ்டரின் கைவண்ணம்' என்று போட்டது. ஹைமா கேட்கப்போனால் கீழே கிண்டல் குவிந்தது. 'முகமூடிக்குள்ள இருக்கறது யாருன்னு யார் கண்டா? பொம்பளைக்கு இதெல்லாம் வருமா?'

ஹைமா அழுதே விட்டாள். நாகமணி அழவில்லை. ஒவ்வொரு கமெண்டாக, நிதானமாகப் படித்தாள்.

"என்ன பண்ணலாம், சொல்லு."

"லைவ் போலாம் அண்ணி. அவங்க கேக்கறத, அவங்க கண்ணு முன்னாடியே செய்யுங்க."

"கை நடுங்கினா?"

"நடுங்கட்டுமே. அதுவும் உங்க கைதானே?"

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். யானை, விமானம் என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருவன் வம்புக்கென்றே எழுதினான்: 'நண்டு. சைக்கிள் செயின்ல மட்டும். வேற எதையும் தொடக்கூடாது.'

"சரி, நண்டுதான்" என்றாள் நாகமணி. கிடந்த செயின் போதவில்லை. வாசலில் நின்ற சைக்கிளை அவள் பார்த்த பார்வையில் சூரிபாபு பதறினான்.

"ஏய், அது நான் ஓட்டறதுடி!"

"நடந்து போங்க. தொப்பை குறையும்."

அவனே கழற்றிக் கொடுத்தான். செயின்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, கண்ணி கண்ணியாக வளைத்துப் பற்றவைத்தாள். அரை மணி நேரத்தில் ஒரு கொடுக்கு கழன்று தரையில் விழுந்தது. திரையில் சிரிப்புப் பொம்மைகள் பொங்கி வழிந்தன. போனைத் திருப்பிவிடலாமா என்று ஹைமாவுக்கு ஒரு கணம் தோன்றியது. திருப்பவில்லை. விழுந்த கொடுக்குக்கு அருகே கேமராவைக் கொண்டுபோனாள். நாகமணி குனிந்து அதை எடுத்தாள், அடியைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள், மறுபடி பற்றவைத்தாள்.

சிரிப்புகள் ஓய்ந்தன. ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து, எட்டுக் கால்களையும் ஊன்றி, கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு மேஜைமேல் நண்டு நின்றது. நாகமணி முகமூடியைக் கழற்றினாள். வியர்வையில் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் நாகமணி. மத்ததையும் நான்தான் செஞ்சேன்" என்றாள். அவ்வளவுதான்.

வம்புக்குக் கேட்டவனே எழுதினான்: 'அக்கா, மன்னிச்சுக்கங்க. இவ்வளவு அழகா யாரு வீடியோ எடுக்கறா?'

நாகமணி எட்டிப் போனைப் பிடுங்கி, ஹைமாவின் பக்கம் திருப்பினாள். "இதோ, எங்க ஹைமாவதி. இவ இல்லன்னா இன்னைக்கும் நான் சுவத்துக்குத்தான் காட்டிக்கிட்டு இருப்பேன்." ஹைமா முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியே சிரிப்பு தெரிந்தது.

சாயங்காலமே அந்தப் பெரிய பக்கத்திலிருந்து குதிரை வீடியோ காணாமல் போனது. மறுவாரம் விசாகப்பட்டினத்தில் கண்காட்சி நடத்துகிறவர்கள் நண்டைக் கேட்டு போன் செய்தார்கள்.

விசாகப்பட்டினம் போகும் பஸ்ஸில், நண்டு இருந்த பெட்டியைக் கீழே வைக்கச் சூரிபாபுவுக்கு மனம் வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டான். பக்கத்து ஆள் என்னவென்று கேட்டதுதான் தாமதம், மூடியைத் திறந்துவிட்டான்.

"என் பொண்டாட்டி செஞ்சது சார். ஊருக்கே காட்டினது என் தங்கச்சி."

முன் சீட்டில் அண்ணியும் நாத்தனாரும் திரும்பிப் பார்க்காமலே ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். வழியிலுள்ள துனி ஊர் வருவதற்குள் அவன் ஏழு பேரிடம் அதைச் சொல்லியிருந்தான்.