பம்பரத்தின் மேல் மவுஸ்

மதியம் இரண்டு முப்பத்தெட்டு. கணினித் திரையில் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அது போதும். அவன் ஒரு ஊர், நான் ஒரு ஊர். நடுவில் ரயிலில் ஆறு மணி நேரம். ஆனால் இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். அவன் மெஷின்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்ப்பான். நான் வீடியோக்களுக்கு வசன வரி எழுதுவேன். மவுஸும் கீபோர்டும் ஐந்து நிமிடம் சும்மா கிடந்தால் பச்சை மஞ்சளாகும். மஞ்சளானால் கழுகு கூப்பிடும்.

கழுகு என்பது எங்கள் மேற்பார்வையாளருக்குத் தம்பி வைத்த பெயர். நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான். "என்ன மேடம், மஞ்சளா இருக்கீங்க?" என்று மஞ்சள் காமாலை வந்தவளை விசாரிப்பதைப் போலக் கேட்பார்.

சாப்பிட்டியா, தூங்கினியா என்று போன் பண்ணுகிற பழக்கமெல்லாம் எங்களுக்குள் எப்போதோ விட்டுப்போயிருந்தது. பச்சை எரிந்தால் தம்பி நலம். அவனுக்கும் அக்கா நலம்.

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அப்போதுதான் மேஜைக்குத் திரும்பியிருந்தேன். என் மவுஸ் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. அரை மணி நேரமாக நான் இந்த அறையிலேயே இல்லை. ஆனால் என் பெயருக்குப் பக்கத்திலும் பச்சை.

அப்படியானால் தம்பியின் பச்சை?

மவுஸுக்கு அடியில் இருந்தது பம்பரம். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புத் தட்டு. மேலே மவுஸை வைத்தால் மெல்லச் சுற்றும். ஆள் வேலை செய்வதாகக் கணினி நம்பிவிடும். நிம்மதியாக நாலு வாய் சாப்பிட முடியட்டும் என்று நாலு மாதத்துக்கு முன்னால் நான்தான் இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. "நாற்காலி, ஹெட்செட் எல்லாம் அப்புறம்க்கா. இதுதான் என் உசிரு" என்று அன்றைக்குச் சிரித்தான்.

ஒரு மணிக்குக் கழுகைக் கிண்டல் பண்ணி அவனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தேன். பதில் இல்லை. கிண்டலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறவனா அவன்?

போன் போட்டேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும். மறுபடியும்.

அவன் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் டெய்லர் அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. தம்பியின் கீபோர்டு அப்படிச் சத்தம் போடும். அதைப் பற்றிப் புகார் சொல்வதற்காகவே என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்.

"என்னம்மா, அதிசயமா நீங்களே கூப்பிடறீங்க? இன்னிக்கு உங்க தம்பி மேல புகார் ஒண்ணும் இல்ல. ரொம்ப நேரமா சத்தமே காணோம். ரேடியோவ நிம்மதியா கேட்டுட்டிருக்கேன்."

"அண்ணே, மேல போய்ப் பாருங்க. உடனே. கதவ உடைச்சாலும் பரவாயில்ல."

போனைக் கையில் பிடித்தபடியே படியேறினார். கதவைத் தட்டினார். "தம்பி! தம்பி!" பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம். இஸ்திரிப் பெட்டியால் ஜன்னலை உடைத்து, கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறார்.

"கீழ கிடக்கார்ம்மா. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. மூச்சு இருக்கு. மூச்சு இருக்கும்மா!"

மூன்று இருபதுக்கு ஆஸ்பத்திரி. மூன்று ஐம்பதுக்கு டெய்லர் அண்ணன் போனை டாக்டரம்மாவின் கையில் கொடுத்தார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?"

"மத்தியானம் வரைக்கும்..." எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைப் புள்ளிதான். பச்சைப் புள்ளி சொன்னது பம்பரத்தின் நேரம்.

"உத்தேசம் வேண்டாம்மா. மணி தெரியலன்னா ஊசி போட மாட்டேன்."

"அஞ்சு நிமிஷம் குடுங்க."

யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்ற முழு விவரம் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும். கழுகைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மேடம். பச்சையா இருக்கீங்களே, என்ன விஷயம்?"

"சார், அந்தப் பச்சை பொய். நானும் தம்பியும் மவுஸுக்கு அடியில சுத்துற தட்டு வச்சு உங்கள ஏமாத்திட்டிருந்தோம். அவன் விழுந்து கிடந்திருக்கான். மவுஸை விடுங்க. அவன் கீபோர்டுல கடைசியா எப்பக் கை வச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அதுலதான் அவன் உயிர் இருக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பதினொண்ணு நாப்பத்தெட்டு. பாதி வார்த்தையில நின்னிருக்கு. அதுக்கப்புறம் ஒரு எழுத்துகூட இல்ல. வைங்க மேடம். சீக்கிரம் சொல்லுங்க அவங்ககிட்ட."

பதினொன்று நாற்பத்தெட்டோடு நாலரை மணி நேரம். நாலு பதினெட்டு. சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆகியிருந்தது.

நாலு ஒன்பதுக்கு ஊசி ஏறியது.

நான் போய்ச் சேரும்போது அவன் கண் திறந்திருந்தான். அடையாளம் தெரிந்தது. வார்த்தைதான் வரவில்லை. வலது கை மரத்துக் கிடந்தது. போனில் கழுகின் மெயில் காத்திருந்தது. விதிப்படி இருவருடைய ஒப்பந்தமும் முடிக்கப்படுகிறது என்று இரண்டு வரி. கீழே தனியாக, "தம்பி எப்படி இருக்கிறார்?"

இரண்டு பம்பரங்களையும் நானே குப்பையில் போட்டேன்.

ஒரு மாதம் கூடவே இருந்துவிட்டு, வேறு வேலை தேடிக்கொண்டு ஊர் திரும்பினேன். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்விக்க ஓர் ஆள் வந்து போகிறார். இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு நானே போன் போடுகிறேன். அவனுக்கு இன்னும் பேச்சு திரும்பவில்லை. போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வலது கையின் ஒரு விரலால் அழுத்துவான்.

டக்.

நெடுநேரம் கழித்து இன்னொரு டக்.

அந்த நேரத்தில், கீழே டெய்லர் அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறாராம்.