வாசிக்காமல் வைத்த கையெழுத்து

குலசேகரம் இறந்துபோன தம்பி பாலேந்திராவின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். வால்தம்ஸ்டோ மலர்ச்சாலையில், உடலை வைத்திருந்த பின்னறை குளிர்ந்தது.

"அண்ணை, காலமை பேப்பர் பாத்தனீங்களோ?" பாலேந்திராவோடு வேலைசெய்த கஸ்பர் மெல்லக் கேட்டான். "எங்கட ஆணிக் கொம்பனியை வாங்கப் போறாங்களாம். பங்குக்கு ரெண்டு மடங்கு விலை. பாலன் ஒரு கிழமை பொறுத்திருக்கலாம்."

"அவன் சொன்னால் சொன்னதுதான்."

இரண்டு வருடத்துக்கு முன் பாலேந்திரா கண்டுபிடித்த கொம்பனி அது. பேர்மிங்ஹாம் பக்கத்துப் பழைய தொழிற்சாலை. பங்குகளின் மொத்த விலையைவிட அது நின்ற நிலமே கூடப் பெறும், பெரிய முதலாளி ஒருவன் கண்ணில் பட்டால் விழுங்கிவிடுவான் என்றான். சொந்தத்தில் ஏழு குடும்பங்கள் காசு போட்டன. பாலேந்திராவை நம்பியல்ல, பங்குகள் அண்ணன் பெயரில் இருக்கும் என்பதால்.

தம்பியின் மனைவி கிரிஜா அவரை அறைக்கு வெளியே அழைத்து ஒரு கடித உறையை நீட்டினாள்.

"அத்தான், இது அவரின்ரை மேசை லாச்சிக்குள்ளை கிடந்தது. கஸ்பர் சொல்லுறது விளங்கேல்லை. பங்கெல்லாம் போன கார்த்திகையே வித்தாச்சுதானே?"

குலசேகரம் உறையைப் பிரித்தார். பங்குச்சந்தை விழுந்த கையோடு, அடிமாட்டு விலைக்கு. விற்கச் சொன்ன கடிதத்தின் அடியில் குலசேகரத்தின் கையெழுத்து.

"அந்தக் காசிலைதானே எங்கட வீட்டுக்கடன் கட்டினது. உங்களுக்குத் தெரியும் எண்டவர்."

கையெழுத்து வைத்தது நினைவிருந்தது. தம்பி நீட்டும் கடதாசியை வாசித்துப் பார்ப்பது அவனைச் சந்தேகிப்பது. அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. போன கிழமை ஆஸ்பத்திரியில்கூட, "பொறுங்கோ அண்ணை, கட்டாயம் வாங்குவாங்கள்" என்று பாலேந்திரா அவர் கையைப் பிடித்திருந்தான்.

தகனம் முடிந்ததும் பெரியம்மாவின் மகள் வேதவல்லி வந்தாள்.

"தம்பி, பாலன் சொன்னது பலிச்சிட்டுது. போகேக்கையும் எங்களுக்குச் செய்துபோட்டுத்தான் போறான்."

சற்றுத் தள்ளி நின்ற கிரிஜா நிலத்தைப் பார்த்தாள்.

"பங்கு இல்லை அக்கா," என்றார் குலசேகரம். "விலை விழேக்கை பயந்து நான்தான் வித்தனான். பாலனுக்குத் தெரியாது. போட்ட காசை எல்லாருக்கும் நான் தருவன்."

வேதவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கொம்மா பெத்ததிலை மனிசனாப் பிறந்தது அவன் ஒருத்தன்தான்."

"ஓம் அக்கா."

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கமில்லை. குலசேகரம் தகனசாலை வாசலில் கைகூப்பி நிமிர்ந்து நின்றார். மழை தூறியது. சனம் அவரைக் கடந்து கார்களுக்குப் போனது.