குடியேறியவரின் வாடகை

அண்ணனின் இரண்டாவது அடி தாடையில் விழுந்து மாவு மூட்டைகள்மேல் சரிந்தபோது, அவர் கோட்டில் மாவு ஒட்டிவிடப் போகிறதே என்ற கவலைதான் மொமான்யிக்கு முதலில் வந்தது. அத்தனை வருடப் பழக்கம். அண்ணன் ஒன்சிரி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. சொந்த ஊரான கீசிக்கு அவர் டாக்டர். அவர் பணத்தில் எழுந்தவைதான் அந்த முற்றத்தைச் சுற்றிய வாடகை அறைகளும் மாவு மில்லும். வாடகையை வாங்கி, உள்ளூர்க்காரர்களுக்கான சொற்ப வரியைக் கட்டி, மிச்சத்தை அனுப்புவது தம்பியின் பாடு. அதற்குக் கூலி, கடைசி அறையில் மனைவி பொசிபோரியோடு ஓசிக் குடித்தனம்.

போன சனிக்கிழமை ஆராதனை வரை ஒரு வம்பும் இல்லை. அன்று டாக்டர் தனக்குத்தானே ஒரு நன்றிக்கூட்டம் நடத்திக்கொண்டார். கூடாரம், விருந்துக்கு இரண்டு மாடு, தேவாலய வாசலை அடைத்து ஒரு பேனர்: ‘வெளிநாட்டில் குடியேறிப் பத்தாண்டு நிறைவு.’ மைக்கைப் பிடித்து, இந்த ஊர்த் தண்ணீர்கூட இனித் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றும், வாடகையும் மில் லாபமும் மட்டும் தேவகிருபையால் தேடி வருகின்றன என்றும் சாட்சி சொன்னார். மூன்றாம் வரிசையில் வரி அலுவலர் ந்யாக்வாரா உருக்கமாக ஆமென் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அதே உருக்கத்தோடு வந்து விளக்கினார். வெளியே குடியேறியவரின் வாடகைக்கு வரி வேறு; சில மடங்கு. வாங்கி அனுப்புகிறவரே அதைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். பழைய வருடங்களுக்கும் சேர்த்து, அபராதத்தோடு. புதன்கிழமை இடத்தைப் பார்க்க வருகிறேன் என்றார்.

டாக்டர் மூளையைக் கசக்கினார். மனை இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயரில்தான் கிடந்தது. மாற்ற டாக்டருக்கு நேரமேது? எல்லாம் தம்பியுடையது என்று தம்பியே சொல்லிவிட்டால் முடிந்தது கதை. புதன்கிழமை மில்லில் வைத்து இதைச் சொன்னபோது தம்பி மாட்டேன் என்றான். பொய் வெளிப்பட்டால் கம்பி எண்ணப் போவது அண்ணன் இல்லையே.

“என் சோத்தத் தின்னுட்டு எனக்கே சட்டம் பேசுறியாடா?”

மூன்றாவது அடி. பிறகு டாக்டர் வெளியே போய்க் கூலிப் பையன்கள் இருவரைக் கடைசி அறையின் கூரைமேல் ஏற்றினார். வாடகை தராதவனின் கதவைக் கழற்றுவதும், அதற்கும் மசியாதவனின் கூரைத் தகட்டைப் பிரிப்பதும் அங்கே வீட்டுக்காரர்களின் வழக்கம். வாழைக்குலை விற்கும் குடித்தனக்காரி கெமுன்ட்டோவின் கதவை டாக்டர் போன வருடம் இங்கிலாந்திலிருந்தே, போனில், கழற்ற வைத்திருந்தார். காற்றைத் தவிர வேறு காவலில்லாமல் அவள் குழந்தைகளோடு படுத்துக் கிடந்தாள்.

இரண்டு தகடுகள் கழன்றன. மூன்றாவது கைநழுவி உள்ளே விழுந்து பொசிபோரியின் தோளைக் கிழித்தது. அவள் ரத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்று புருஷனைப் பார்த்தாள்.

“சொல்றேண்ணே,” என்றான் மொமான்யி.

அந்த நேரம் பார்த்து ந்யாக்வாரா வந்து சேர்ந்தார். அறைகளிலிருந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. தம்பியின் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்த அலுவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார், இதெல்லாம் யாருடையது என்று.

“என்னோடது.”

“வாடகை?”

“எனக்குத்தான் வருது. மில்லும் என்னுது.”

“அப்ப அண்ணனுக்கு?”

“அவருக்கு இங்க என்ன இருக்கு? அவருதான் குடியேறிட்டாரே. மைக்ல சொன்னாரு, நீங்களும் கேட்டீங்க.”

அலுவலர் எழுதிக்கொண்டார். சாட்சி உண்டா என்று பொதுவாகக் கேட்டார். முதலில் கெமுன்ட்டோ கையைத் தூக்கினாள். பிறகு எல்லோரும். டாக்டரும், இத்தனை சுலபமாகக் காரியம் முடிந்த பூரிப்பில், தூக்கினார்.

அலுவலரின் பைக் மேட்டைத் தாண்டியதும் டாக்டர் தம்பியின் தோளைத் தட்டினார். சாயங்காலம் இந்த மாத வாடகையைக் கொண்டுவரச் சொன்னார்.

“எந்த வாடகை?” என்றான் மொமான்யி. அதைச் சொல்லும்வரை, அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. கூரையைப் பார்த்தான். “என் வீட்டு மேல என்னடா வேலை? எறங்குங்கடா.”

பையன்கள் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வேலியைத் தாண்டினார்கள். டாக்டர் கடப்பாரையை எடுத்தார். முதல் வீச்சில் தம்பியின் முன்கை முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. அடுத்தது மில்லின் கதவைப் பிளந்தது.

“திருடன்,” என்றாள் கெமுன்ட்டோ.

அவள் கத்தவில்லை. அந்த ஊரில் அந்தச் சொல்லைக் கத்தத் தேவையில்லை. சந்தைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கேள்வி கேட்காமல் கல்லெடுத்தார்கள். முதல் கல் டாக்டரின் நெற்றியைப் பிளந்தது, வழிந்த ரத்தத்தில் முகம் மறைந்தது. கடப்பாரை நழுவியது. முழங்கால் சேற்றில் பதிய, “நான் டாக்டர், இது என் வீடு,” என்றார். யாரோ சிரித்தார்கள். திருடனின் கழுத்தில் மாட்டிக் கொளுத்த, ஒருவன் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

“டேய், தம்பி. சொல்லுடா. நான் யாருன்னு சொல்லு.”

கூட்டம் மொமான்யியின் பக்கம் திரும்பியது. தொங்கிய கையை மார்போடு அணைத்தபடி அவன் வாயைத் திறந்தான். வீங்கிக்கொண்டே வந்த தாடை இப்போது அசையவில்லை, ரத்தந்தான் வந்தது. ஓங்கிய கைகள் அவன் சொல்லுக்காக ஓங்கியபடியே இருக்க, கற்களிலிருந்த சேறு மழையில் கரைந்து முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.