வழியில் கிடந்த தழை

மாரியம்மன் கோயிலுக்கு வெளியே விரித்திருந்த தார்ப்பாயில் சென்னம்மாளை உட்கார வைத்து, அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் ராஜேஸ்வரி. கை சில்லென்று இருந்தது. சென்னம்மாளின் புருஷன் சித்தனுக்குக் கருமாதி முடிந்து வந்த முதல் ஞாயிறு. காப்பி எஸ்டேட்டுக்கு லீவு என்பதால் கூலியாட்களின் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வேலைக்குக் கூப்பிட்டால் முட்டி வலிக்கிறது என்பவர்கள்கூட முன்னால் வந்து இடம் பிடித்திருந்தார்கள். மதியம் தாண்டியும் பனி விலகவில்லை. தார்ப்பாய்க்கு வெளியே, ஈர மண்ணில், சசிரேகா தனியாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சசிரேகாவின் புருஷன் அன்பழகன், எஸ்டேட்டை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் குச்சிக்கிழங்கு போட்டிருந்தான். காட்டுப்பன்றி வந்து தோண்டிப் போடுகிறது என்று நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்ட் கொடுத்தான். நிலத்தின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை. ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கிய சித்தன், தினமும் வருகிற வழிதானே என்று அதில் வந்தான். கம்பியில் கால் பட்டது. விடிந்ததும் அவனை முதலில் பார்த்தவன் அன்பழகனேதான். அழுதுகொண்டே போய்ப் போலீசில் சொல்லிவிட்டான். இப்போது சேலம் ஜெயிலில் இருக்கிறான். அவனைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். ஊர் பார்ப்பதற்கு மிச்சம் இருந்தவள் சசிரேகா.

கம்பி கட்டுகிறவர்கள் அதைத் திருட்டுத்தனமாகத்தான் கட்டுகிறார்கள் என்பதால் போர்டு வைக்க முடியாது. அதற்கு லைனில் ஒரு வழக்கம் இருந்தது. பாதையின் குறுக்கே ஓர் உண்ணிச்செடியை வெட்டிப் போட்டுவிடுவார்கள். உண்ணி கிடந்தால் உள்ளே கரண்ட் இருக்கிறது, சுற்றிப் போ என்று அர்த்தம். அதை ஆடு தின்னாது, முள் என்று மனிதர்களும் தொடமாட்டார்கள். போட்டது போட்ட இடத்தில் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். நான் தழை போட்டுத்தான் வைத்தேன் என்று அன்பழகன் போலீசிடம் சொன்னான், பெண்டாட்டியிடமும் சொன்னான். இல்லை என்று சொன்னவள் ராஜேஸ்வரி.

அவள் பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வேலை விட்டு அந்த வழியாகத்தான் வந்தாள். அங்கே உண்ணி கிடக்கவில்லை. சாவு வீட்டிலேயே மாரில் அடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். அவளுக்கு வாய் நீளம்தான், ஆனால் பொய் வராது என்று ஊருக்குத் தெரியும். அவளும் சென்னம்மாளும் சசிரேகாவும் ஒரே வரிசையில் நின்று காப்பிப்பழம் பறிக்கிறவர்கள். மத்தியானம் மூன்று தூக்குப்போசியையும் ஒன்றாகத் திறந்து வைத்துத் தின்பார்கள். ராஜேஸ்வரி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைப் போல நடந்து காட்டுவாள், சென்னம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடப்பாள், இளையவளான சசிரேகா அவள் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுப்பாள். இனி அப்படி ஒரு மத்தியானம் கிடையாது. சித்தன் செத்ததிலிருந்து ராஜேஸ்வரிக்கு சசிரேகாவின் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. ஒரு தழையை வெட்டிப் போடக்கூட அவள் புருஷனுக்கு உடம்பு வணங்கவில்லையா என்று நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டாள்.

கோயில் காரியம் பார்க்கும் மணி தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா சசி, உம்பட ஊட்டுக்காரன் தழை போட்டான்னு நீ சொல்ற. போடலைன்னு ராஜேஸ்வரி சொல்லுது. போட்டிருந்தா, செத்தவன் விதின்னு நெனச்சுக்கலாம். போடாம உட்டிருந்தா அது கொலைதான். அப்பறம் உங்கள ஊரு ஒதுக்கித்தான் வெக்கோணும். பைப்புல தண்ணி கெடையாது, நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. என்ன சொல்ற?"

"போட்டாருங்க," என்றாள் சசிரேகா. "கற்பூரம் ஏத்துங்க. நான் அணைக்கறனுங்க."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்குமேல் கேள்வி இல்லை. பொய்ச் சத்தியம் என்றால் ஆத்தா பிள்ளைகளைப் பலி கேட்பாள். சசிரேகாவுக்கு இரண்டு பிள்ளைகள். கூட்டம் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தது.

"அப்பறம் அந்த உண்ணி எங்க போச்சு? காலு மொளச்சு எந்திரிச்சு நடந்துருச்சா?" என்றான் கூட்டத்திலிருந்த சேகர். பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"உண்ணி இல்லீங்ணா. பாதையோரம் இருந்தத பூராவும் முந்துன வாரந்தான எஸ்டேட்ல வெட்டித் தீ வெச்சாங்க? கைக்கு ஒண்ணும் கெடைக்கலைன்னு பலாக் கெளைய வெட்டிப் போட்டேன்னாரு. வெட்டிப் போட்டுட்டு, மேல போய் கரண்ட குடுத்துட்டு, அப்படியே ஊட்டுக்கு வந்துட்டாரு."

"பலாத் தழையவா? பைத்தியமா அவனுக்கு? அதைய யாரும் ஆட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவாங்களே!"

சேகர் அதைக் கேலியாகத்தான் சொன்னான். ராஜேஸ்வரிக்குக் காது அடைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் பாதையில் கிடந்தது நல்ல பெரிய பலாக் கிளை. வெட்டின இடத்தில் பால்கூடக் காயவில்லை. மிளகுக்கொடி மேல் நிழல் விழாமல் கிளை கழிக்கிற ஆள் எவனோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். ஆட்டுக்குத் தழை தேடி அலைகிற நாளில் வழியிலேயே கிடக்கிறதே என்று அத்தனை சந்தோஷம். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அன்பழகன் மேலே போய்க் கரண்ட் கொடுத்தது அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு ஆடும் இருட்டும் வரைக்கும் தின்றன. அவள் தேடியது உண்ணி. உண்ணி இல்லை என்றதும் பாதை சும்மா கிடக்கிறது என்று புத்தி முடிவு கட்டிவிட்டது. தோளில் கிடந்ததைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சசிரேகா கற்பூரத்தை அணைத்தாலும் பாதிப் பேர் நம்பப் போவதில்லை, அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குப்பனூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், ஊர் மறந்துவிடும். மடியில் சென்னம்மாளின் கை அப்படியே கிடந்தது. இந்தக் கையை எப்படி விடுவது என்று ராஜேஸ்வரிக்கு அழுகை முட்டியது. இத்தனை நாளும் ராத்திரி துணைக்குப் படுத்து, வாயில் கஞ்சி ஊட்டி, தேற்றிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

மணி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். சசிரேகா கையை நீட்டினாள்.

"அவளக் கையெடுக்கச் சொல்லுங்க," என்று கத்திவிட்டாள் ராஜேஸ்வரி. "நாந்தான் எடுத்துட்டுப் போனேன். பலாத் தழை கெடந்துச்சு. நாந்தான் எடுத்தேன். ஆட்டுக்கு."

மணி சலித்துக்கொண்டார்.

"ஏனுங்க ராஜேஸ்வரி, அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? சிநேகிதி மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்குன்னு பழியத் தூக்கித் தலைல வெச்சுக்குவாங்களா? உக்காருங்க."

"நெசமாலுமுங்க."

"நீங்க உக்காருங்க மொதல்ல."

அப்போதுதான் சென்னம்மாள் வாயைத் திறந்தாள். புருஷன் போனதிலிருந்து கூட்டத்தில் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. குரல் உடைந்து, பழக்கமில்லாத ஆள் குரலாக வந்தது.

"நான் பாத்தனுங்க," என்றாள். "தோள்ல போட்டுட்டு வந்தா. எங்கூட்டு வாசல்ல நின்னு, இன்னைக்கு ஆரு மூஞ்சில முழிச்சனோன்னு சிரிச்சுட்டுப் போனா. நானும் சிரிச்சேன்."

சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று பிடுங்கவில்லை. தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து எடுப்பதைப் போல மெதுவாக எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. யாரையும் ஒதுக்க வேண்டாம், அவரவர் ஊட்டைப் பாருங்கள் என்று மணி கூட்டத்தைக் கலைத்தார். சசிரேகா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அவளைத் தூக்கிவிட ராஜேஸ்வரி போகவில்லை. அந்த அழுகையில் தனக்கு என்ன பங்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருட்டியதும் வழக்கம்போலப் பாயைச் சுருட்டிக்கொண்டு சென்னம்மாளின் வாசல் வரைக்கும் போனாள். கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை பைப்பில் தண்ணீர் விட்டபோது குடங்கள் வரிசையாக நின்றன. சென்னம்மாளின் குடம் நிறைந்துகொண்டிருந்தது. சசிரேகா கொஞ்சம் தள்ளி, வருவதா வேண்டாமா என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சென்னம்மாள் தன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளிடம் போய், குடத்தை வாங்கிக்கொண்டு வந்து பைப்புக்கு அடியில் வைத்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடம் நிறைந்தது. சென்னம்மாளே அதைத் தூக்கி சசிரேகாவின் இடுப்பில் வைத்துவிட்டாள்.

அடுத்தது ராஜேஸ்வரியின் பச்சைக் குடம். அவள் அதை எடுத்து வைக்கக் குனிந்தாள். அதற்குள் சென்னம்மாள் அந்தக் குடத்தை எடுத்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குடத்தை வரிசைக்கு வெளியே, காப்பிச்செடி ஓரமாகக் கொண்டுபோய், கவிழ்ந்துவிடாமல் மேடு பார்த்து நிதானமாக வைத்தாள். பிறகு தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் நின்ற யாரும் தங்கள் குடத்தை முன்னால் நகர்த்தவில்லை. பைப்பிலிருந்து தண்ணீர் வெறும் கல்லில் விழுந்து, தெறித்து, சரிவில் ஓடிக்கொண்டிருந்தது.